குறடு கையெழுத்திடாத வால்வு

குறடு. பிறப்பு 1949, இறப்பு 2019. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அதைச் சொல்லி அவரை அழைத்தவர் எவருமில்லை. பிடித்ததை விடமாட்டார், பிடிக்கும்போது எதிராளிக்கு வலிக்கும் என்பது தெரிந்தே பிடிப்பார் என்பதால், வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவரும் அதை மறுக்கவில்லை. தொலைபேசியை எடுத்தால், "குறடுதான், சொல்லுங்க" என்பார்.

அவருடைய வேலை உடைப்பது. இதயத்துக்குள் பொருத்தும் கருவிகளை உருவாக்கும் ஒரு நிறுவனத்தில் சோதனைக் கூடத்துக்குத் தலைவராக இருந்தார். மூன்று தளக் கட்டடம். மேல்தளத்தில் வடிவமைப்பாளர்கள் கணினித் திரைகளின் முன் அமர்ந்து புதுப்புது வால்வுகளைக் கற்பனை செய்தார்கள். நடுத்தளத்தில், ஒரு முடிகூட வெளியே தெரியாதபடி தொப்பி அணிந்த பெண்கள், மாட்டின் இதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியின் அடியில் இதழ் இதழாக வெட்டி, உலோக வலைக்குள் வைத்துத் தைத்தார்கள். தைத்து முடித்த வால்வு கீழ்த்தளத்துக்கு வரும். கீழ்த்தளம் குறட்டின் ராஜ்யம்.

அங்கே வரிசையாகக் கண்ணாடித் தொட்டிகள். அவற்றில் உடலின் சூட்டில் உப்பு நீர். அடியிலிருந்து பிஸ்டன்கள் நீரை மேலே தள்ளத் தள்ள, வால்வுகள் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். மனித இதயம் பல ஆண்டுகள் துடிக்க வேண்டியதை அந்தத் தொட்டி சில மாதங்களில் துடித்துத் தீர்த்துவிடும். விட்டுவிட்டு மின்னும் விளக்கொன்றைப் பிடித்துப் பார்த்தால், அத்தனை வேகத்திலும் மூன்று இதழ்களும் சோம்பல் முறிப்பதுபோல் மெதுவாக விரிந்து மூடுவது தெரியும். குறடு அந்த விளக்கைப் பிடித்துக்கொண்டு, மூக்கு தொட்டியில் படும்படி நின்று, கிழிசலைத் தேடுவார். கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவைத்தான் கட்டடம் முழுவதும் வெறுத்தது.

தையல் அறையில் மூத்தவரான ஒரு பெண், "அந்த ஆளுக்குப் புதுச் சட்டை வாங்கிக் குடுத்தா போட்டுப் பார்க்க மாட்டார், கொளுத்திப் பார்ப்பார்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். அந்தச் சிரிப்பு மாடிப்படி வழியே கீழே வந்து குறட்டின் காதிலும் விழுந்தது. அன்று மாலையே அந்தப் பெண் தைத்த வால்வொன்றைத் திருப்பி அனுப்பினார். அதில் ஒரு முடிச்சு தளர்வாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அன்றைக்கென்று தேடிப் பிடித்தது என்பதில் இரண்டு தளங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மேல்தளத்தின் தலைமை வடிவமைப்பாளர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. குறட்டைவிடப் பத்து வயது இளையவர். கையை ஆட்டி ஆட்டிப் பேசுபவர். எதையும் நடக்கும் என்றே தொடங்குபவர். அவரை நிறுவனத்துக்குள் கொண்டுவந்ததே குறடுதான். கொண்டுவந்த கையோடு, அலுவலகத்தில் 'அத்தான்' என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது என்று கட்டளையும் போட்டார். மைத்துனர் வடிவமைத்த முதல் கருவி இரத்தத்தை உந்தும் ஒரு சிறு பம்ப். அதைப் பார்க்க வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்த நாளில், அவர்கள் கண்ணெதிரே அதன் மின்கம்பியை வேண்டுமென்றே வளைத்து வளைத்துப் பம்ப்பை நிறுத்திக் காட்டினார் குறடு. நோயாளி தூக்கத்தில் புரண்டால் இப்படித்தான் வளையும் என்றார். அந்தப் பம்ப் அத்தோடு கைவிடப்பட்டது. மைத்துனர் அதன்பிறகு அலுவலகத்தில் மட்டுமல்ல, வீட்டிலும் 'அத்தான்' என்பதை விட்டுவிட்டார். எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும், "அவருக்குக் கொஞ்சம் குழம்பு ஊத்துக்கா" என்று அக்காவிடம் சொல்வார்.

அந்த அக்காதான் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். ஊரே இரைந்தாலும் குரலை உயர்த்தாமல் காரியத்தை முடித்துப் பழகியவர். தாயில்லாத தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். குறட்டுக்கு வாழ்க்கைப்பட்டதைப் பற்றிக் கேட்டால், "என்னை மட்டும் இன்னும் உடைக்கல" என்பார். பின்னாளில் அந்த வேடிக்கையைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஐம்பது வயதுக்குப் பிறகு மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு சுண்ணாம்பு படிந்து கெட்டிப்பட்டிருந்தது. வழக்கமாக மார்பைப் பிளந்து அதை மாற்றுவார்கள். இவருடைய நுரையீரல் இளமையில் கண்ட நோயால் பழுதுபட்டிருந்ததால், பிளந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று இதய மருத்துவர் கைவிரித்துவிட்டார். வீடு இரண்டாம் மாடியில். முதலில் மேல்படி வரை வந்து மூச்சு வாங்கினார்; பிறகு நடுவழியில்; பிறகு வீட்டைவிட்டு இறங்குவதையே நிறுத்திக்கொண்டார். அடுத்த மழைக்காலம் வரை தாங்குவது கடினம் என்று மருத்துவர் அவர்களுடைய மகளிடம் தனியாகச் சொல்ல, மகள் அழாமல் வந்து அப்பாவிடமும் மாமாவிடமும் சொன்னாள்.

அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது தம்பியின் மேசையில் இருந்தது. மார்பைத் திறக்காமல், தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகவே இதயம்வரை செலுத்தக்கூடிய வால்வு அது. விரிந்த நிலையில் கட்டைவிரல் அகலம் இருக்கும். அதை 'மடக்கி' என்ற கைக்கருவிக்குள் வைத்துப் பிடியைத் திருகினால், சுற்றிலுமுள்ள தகடுகள் ஒருசேர நெருங்கி, பென்சில் பருமனுக்கு ஒடுக்கிவிடும். உரிய இடத்துக்குப் போனதும் உள்ளிருக்கும் பலூனை ஊதினால் மறுபடி விரிந்து உட்கார்ந்துகொள்ளும். மனிதருக்குப் பொருத்த அனுமதி கேட்கும் நேரம் நெருங்கிவிட்டது. முதல் சிலருள் அக்காவும் ஒருவர் என்று மைத்துனர் மருத்துவரோடு பேசி வைத்துவிட்டார். சோதனைக் கூடத் தலைவரின் கையெழுத்து மட்டுமே பாக்கி.

அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் ஒரு வால்வு கிழிந்தது.

கிழிந்த காரணம் வெளிவந்தபோது மைத்துனர் மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். மடக்கியவுடன் விரித்துத் தொட்டியில் போட வேண்டும் என்பது செய்முறை. குறடு அப்படிச் செய்யவில்லை. மடக்கியதை மடக்கியபடியே மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிட்டு, நாளிதழைப் புரட்டி, ஆற அமர வந்து விரித்திருக்கிறார். ஒடுங்கிக் கிடந்த இதழில் ஒரு மடிப்புக் கோடு விழுந்திருந்தது. பல மாதத் துடிப்புக்குப் பின் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிட்டது. இப்படிச் செய்யப்போவதாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனையாகாது என்பது அவர் கொள்கை.

"செய்முறையில இல்லாததை எதுக்குச் செஞ்சீங்க?"

"செய்முறையில இருக்கிறதைச் செஞ்சா எதுவும் கிழியாது. அதுக்கு நான் எதுக்கு? வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் போதுமே."

"எந்த டாக்டர் வால்வை மடக்கி வெச்சுட்டு பேப்பர் படிப்பார்?"

"படிக்க மாட்டார். தொடைக் குழாய் கோணலா இருந்தா, உள்ள போகாம திணறிட்டு நிப்பார். அதுவரைக்கும் உன் வால்வு மடங்கித்தான் கிடக்கும். எவ்வளவு நேரம் தாங்கும்னு உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. தெரியாததுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தெரிந்துகொள்ள வழி இருந்தது. பல வால்வுகளைப் பல கால அளவுகளுக்கு மடக்கி வைத்து, எல்லாவற்றையும் தொட்டியில் ஓட விட வேண்டும். அதற்கு அடுத்த கோடை வந்துவிடும். மைத்துனர் அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, கையையும் ஆட்டவில்லை. நடைபாதையில் தையல்காரப் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, "அவ செத்ததுக்கப்புறம் ரிப்போர்ட் குடுங்க. எரிக்கும்போது கூட வெச்சு எரிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

வீட்டில் அன்றிலிருந்து குறட்டோடு பேசியது தொலைக்காட்சிப் பெட்டி மட்டுமே. மகள் தட்டை ஓசை எழும்படி வைத்துவிட்டுப் போவாள். மனைவி சன்னலோரம் தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு நின்றுவிடும். ஒரு முற்பகல், மகள் வேலைக்குப் போன பிறகு, சிறுசிறு வாக்கியங்களாக, இடையிடையே நிறுத்தி, அந்தப் பழைய தொலைபேசிக் குரலிலேயே கேட்டார்: கையெழுத்துப் போட்டால் என்ன கெட்டுப்போகும் என்று.

உள்ளே போய்க் கிழிந்தால் என்ன ஆகும் என்பதைக் குறடு விளக்கத் தொடங்கினார். எந்த இதழ் முதலில் தொங்கும், இரத்தம் எப்படிப் பின்வாங்கும், எவ்வளவு விரைவில் முடியும் என்று, வேறு யாருடைய மனைவிக்கோ சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னார்.

"கிழிஞ்சா கிழியட்டும்" என்றார் மனைவி. "இப்ப இருக்கிறது மட்டும் என்ன வாழுது?"

"உனக்கு ஒருத்திக்குன்னா சரி. உனக்குப் பின்னாடி வரிசையில எத்தனை பேர் நிக்கிறாங்க?"

"அவங்களை நீங்க கட்டிக்கல."

குறடு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் தொட்டிகளோடு நின்றிருந்தபோது இயக்குநர் அழைப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். போனால், இயக்குநரின் அறையில் எதிர் நாற்காலியில் அவருடைய மனைவி. படிகளில் இறங்க மாட்டாதவரை, தம்பியும் மகளும் நாற்காலியோடு தூக்கி இறக்கி, வாடகைக் காரில் கொண்டுவந்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் குறடு வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிட்டார். கட்டிய மனைவிக்குப் போகப்போகும் வால்வைக் கணவரே எடைபோடுவது முறையல்ல. அவர் கண்டிப்பாக இருந்தாலும் சந்தேகம், இளகினாலும் சந்தேகம். ஆகவே இந்த வால்வின் பொறுப்பிலிருந்து அவரை விலக்க வேண்டும் என்பது அவர் வாதம். இயக்குநருக்கு அது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த கதை. நியாயமான வேண்டுகோள் என்று அக்கணமே ஏற்றுக்கொண்டார். குறட்டின் உதவியாளர் அன்று பிற்பகலே கையெழுத்திட்டார். மடக்கி வைக்கும் கால அளவு என்ற இடத்தில், 'கூடிய விரைவில் விரிக்கவும்' என்று மட்டும் எழுதினார்கள்.

குறடு மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே?"

"வீட்ல சொன்னேன். நீங்க வேலைக்குப் போயிட்டீங்க."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஒத்திகையில் சிக்கல் வந்தது. வால்வை அறுவை அறையிலேயே மடக்க வேண்டும்; நிறுவனத்தின் ஆள்தான் மடக்க வேண்டும். பொம்மை உடலில் ஒத்திகை பார்த்தபோது உதவியாளர் பிடியைத் திருகிய திருகில் வலை ஒருபக்கம் நசுங்கியது. மறுமுறையும் நசுங்கியது. மைத்துனர் முயன்றார், அவருக்கும் நசுங்கியது. அந்த மடக்கியை நாள் தவறாமல் திருகிப் பழகியவர் ஒருவர்தான் இருந்தார். "அந்தக் குறடே வரட்டும். வாயை மட்டும் வீட்ல கழட்டி வெச்சுட்டு வரட்டும்" என்றார் மருத்துவர்.

மைத்துனர் வீட்டு மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். குழாய் வளைவைத் தாண்டி வழி ஒழுங்கான பிறகுதான் மடக்குவேன், அதற்கு முன்னால் யார் சொன்னாலும் மாட்டேன் என்றார் குறடு. மைத்துனர் சரி என்றார். அந்த நிபந்தனையை அவர் மருத்துவரிடம் சொல்லவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

சன்னலோரத்திலிருந்து குரல் வந்தது. "கை உங்களோடதா இருக்கட்டும். முடிவு உங்களோடதா இருக்க வேண்டாம்."

குறடு தலையை அசைத்தார். சம்மதம் என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

அறுவை அறை சோதனைக் கூடத்தைவிடச் சிறியது, குளிரானது. பச்சைத் துணிகளுக்கு நடுவே மனைவியின் தொடையில் ஓர் உள்ளங்கை அளவு இடம் மட்டும் தெரிந்தது. மருந்தில் பாதி மயங்கியிருந்தார். ஓரத்து மேசையில், கிண்ணத்து நீரில், வால்வு விரிந்தபடி மிதந்தது. பக்கத்தில் மடக்கி. மருத்துவர் தொடங்கும்போதே மடக்கச் சொன்னார். குறடு முடியாது என்றார். மருத்துவர் திரும்பி மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் தரையைப் பார்த்தார்.

வால்வைச் சுமந்து செல்ல வேண்டிய உறைக்குழாய் இடுப்பருகே வந்து நின்றுவிட்டது. அங்கே இரத்தக் குழாய் பாம்பாக நெளிந்திருந்தது. மருத்துவர் இழுத்தார், திருப்பினார், மறுபடி செலுத்தினார். திரையில் அந்த வளைவும் அதன்முன் முட்டி நிற்கும் முனையும் கறுப்பாகத் தெரிந்துகொண்டே இருந்தன. செவிலியர் இருமுறை கையுறை மாற்றினார். அந்த நேரமெல்லாம் வால்வு மடங்காமல் நீரில் மிதந்தது. குறடு மைத்துனரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கு வாயே தேவைப்படவில்லை.

ஒருவழியாகக் குழாய் வளைவைத் தாண்டியது. அடுத்து, வெறும் பலூனை அனுப்பிக் கெட்டிப்பட்ட பழைய வால்வை விரித்து வழி உண்டாக்க வேண்டும். விரித்த கணத்திலிருந்து அந்தப் பழைய வால்வு மூடாது, இரத்தம் பின்னோக்கிக் கசியும், அழுத்தம் சரியும். ஆகவே புதியதை அதற்குமுன் மடக்கித் தயாராக வைத்திருக்க வேண்டும். "இப்ப மடக்குங்க" என்றார் மருத்துவர்.

இப்போது மடக்கியிருக்கலாம். அவர் போட்ட நிபந்தனை நிறைவேறிவிட்டது. ஆனால் பிடித்ததை விடும் பழக்கம் அவர் கைக்கு இல்லை. பலூனும் எங்காவது முட்டிக்கொண்டு நிற்கும் என்று பயந்தாரோ, மருத்துவரின் அதட்டலுக்கு மடக்கினோம் என்றாகிவிடக்கூடாது என்று நினைத்தாரோ, "பலூன் வேலை முடியட்டும்" என்றார்.

மருத்துவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னார். காத்திருக்கவும் முடியாது, பலூனை ஊதினார். திரையில் அழுத்தத்தைக் காட்டும் எண் விழத் தொடங்கியது. அப்போதுதான் குறடு கிண்ணத்திலிருந்து வால்வை எடுத்தார். மடக்கியில் வைத்து, திருகி, தளர்த்தி, ஒரு பாகை திருப்பி மறுபடி திருகினார். அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் நசுங்கும். அவருடைய முதுகுக்குப் பின்னால் எண்ணைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்த குரல் ஏறிக்கொண்டே போனது. யாரோ மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். மைத்துனர், இத்தனை ஆண்டுக்குப் பிறகு, அழுகிற குரலில், "அத்தான், குடுத்துடுங்க அத்தான்" என்றார்.

கொடுத்தார். வால்வு போய்ச் சேர்ந்தது, விரிந்தது, மூன்று இதழ்களும் அசைந்தன. எண் ஏறியது.

மனைவி பிழைத்துக்கொண்டார். நீல உதடு சிவந்தது. இரண்டு மாடியையும் இறங்கி ஏறினார். ஆனால் வலக்கையின் இரண்டு விரல்களில் உணர்வு திரும்பவே இல்லை. அழுத்தம் விழுந்திருந்த அந்த இடைவெளியில் மூளைக்கு இரத்தம் குறைந்ததாலும் இருக்கலாம், குழாய் வளைவில் உரசிக் கிளம்பிய சுண்ணாம்புத் துகளாலும் இருக்கலாம் என்றார் மருத்துவர். இரண்டில் எது என்று சொல்ல எந்தத் தொட்டியும் இல்லை. தண்ணீர்த் தம்ளர் மனைவியின் கையிலிருந்து நழுவி விழும் ஒவ்வொரு முறையும் அவர் தம்ளரைப் பார்ப்பதில்லை, கணவரைத்தான் பார்ப்பார்.

மறு ஆண்டுக் கோடையில், குறடு கேட்டிருந்த சோதனையை நிறுவனம் ஒருவழியாக நடத்தியது. குறைந்த நேரம் மடக்கியவை கிழியவில்லை. நெடுநேரம் மடக்கியவை கிழிந்தன. அன்று குழாய் வளைவில் சிக்கி நின்ற அளவு நேரம் மடக்கியவற்றில் சில கிழிந்தன, சில கிழியவில்லை. இருவருமே அதைத் தம் பக்கத்துச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். முன்னாடியே மடக்கியிருந்தால் அக்காவின் கை நன்றாக இருந்திருக்கும் என்றார் மைத்துனர். மடக்கியிருந்தால் உன் அக்காவே இருந்திருக்க மாட்டாள் என்றார் குறடு. 'அத்தான்' மறுபடி காணாமல் போயிற்று. வால்வு பல தேசங்களுக்குப் போனது. மடக்கும் கால அளவு அச்சிட்ட குறிப்பில் ஏறியது. அதன் எந்தத் தாளிலும் குறட்டின் கையெழுத்து இல்லை. ஓய்வு பெறும் நாளில் ஒரு சடங்குக்காகவாவது போடச் சொல்லி இயக்குநர் நீட்டினார். இன்னும் பத்தாண்டு ஓடட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் அவர்கள் பிரியவும் இல்லை, சேரவும் இல்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். மகள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். மகள் மணமாகிப் போன பிறகு தேவைக்கு மட்டும் நேரே பேசினார்கள். பலூனுக்கு முன்பே மடக்கியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். அதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே மனைவிக்கும் தெரிந்திருந்தது. மைத்துனர் அன்றே சொல்லியிருந்தார்.

ஆண்டுக்கொருமுறை ஸ்கேன் எடுக்கப் போகும்போது மட்டும் அவர் மனைவியைத் தனியே விடமாட்டார். வேண்டாம் என்றாலும் பின்னாலேயே போவார். கடைசியாகப் போனபோது அவருக்கே நடை தள்ளாடியது. ஸ்கேன் அறையில் இருந்த இளம் பெண் மருத்துவர் திரையைப் பார்த்து, வால்வு நன்றாக இருக்கிறது என்றார்.

"நல்லா இருக்குன்னா? மூணு இதழையும் தனித்தனியா நிறுத்திக் காட்டுங்க."

அந்தப் பெண் அப்படியெல்லாம் காட்டும் வழக்கமில்லை என்றார். குறடு நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மருத்துவர் வேறு வழியின்றி ஒவ்வோர் இதழாக நிறுத்தினார். அவர் மூக்கு திரையில் படும்படி குனிந்து, மடிப்புக் கோட்டைத் தேடினார்.

படுத்திருந்தபடியே மனைவி கேட்டார். "அது கிழியணும் உங்களுக்கு. அப்பதானே நீங்க சொன்னது சரின்னு ஆகும்?"

"கிழிஞ்சிருக்கான்னு பார்க்கிறேன். கிழியணும்னு பார்க்கல."

"இத்தனை வருஷமா எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

அவர் திரும்பவில்லை. மூன்றாவது இதழை இன்னொரு முறை காட்டச் சொன்னார். பார்த்து முடித்தபின், இப்போதைக்குக் கோடு எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் சொன்னார், மனைவியிடம் சொல்லவில்லை. அவர் கடைசியாக ஒரு வால்வைச் சோதித்தது அன்றுதான்: 2019 பிப்ரவரி 11.